இரண்டு கையும் மாறிய விடைத்தாள்

தேர்வு அறையில் நடந்துகொண்டிருக்கும்போது, இயற்பியல் தாளில் யார் காந்தவியல் கேள்விக்கு வந்திருக்கிறார்கள் என்று எட்டிப் பார்க்காமலே எனக்குத் தெரிந்துவிடும். பிள்ளைகளின் கை சொல்லிவிடும். ஒருவன் கட்டைவிரலை நிமிர்த்தி மற்ற விரல்களை மடக்கிக்கொண்டு கூரையைப் பார்ப்பான். இன்னொருத்தி மூன்று விரல்களையும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக விறைத்துக்கொண்டு, மணிக்கட்டு திரும்பாத பக்கத்துக்கெல்லாம் திருப்பிப் பார்ப்பாள். பல வருடமாக இதைப் பார்க்கிறேன். அதில் ஒன்றை மட்டும் பலமுறை கவனித்திருக்கிறேன். வலதுகைப் பழக்கமுள்ள பிள்ளைகள் பேனாவைக் கீழே வைப்பதில்லை. பேனா வலது கையில் இருக்கும்போது சும்மா இருப்பது இடது கைதான். எனவே வலதுகை விதியை இடது கையால் போட்டுவிடுவார்கள். புத்தகத்தில் உள்ளதைச் சரியாக மனப்பாடம் செய்த பிள்ளைக்கும் திசை தலைகீழாக வந்துவிடும். இடதுகைப் பழக்கமுள்ள பிள்ளைக்கு இந்தச் சிக்கலே கிடையாது.

போன அரையாண்டுத் தேர்வில் வந்த ஒரு விடைத்தாள் இன்னும் என் மனதில் கிடக்கிறது. கேள்வி வழக்கமானதுதான்: மின்னோட்டம் பாயும் இரு நீண்ட இணைக் கடத்திகளுக்கு இடையே உள்ள விசை, 5 மதிப்பெண். அந்தப் பெண் படம் அழகாகப் போட்டிருந்தாள். இரண்டு செங்குத்துக் கோடுகள், இரண்டிலும் மேல்நோக்கி அம்புக்குறி. இடது பக்கக் கம்பியின் காந்தப்புலம் வலது பக்கக் கம்பி இருக்கும் இடத்தில் எந்தத் திசையில் இருக்கும்? கட்டைவிரல் மின்னோட்டத்தின் பக்கம் நீள வலது கையால் கம்பியைப் பிடித்தால், மடங்கிய விரல்கள் புலத்தின் திசையைக் காட்டும். அங்கே அது தாளுக்கு உள்ளே போகும். பெருக்கல் குறி போட வேண்டும். அவள் புள்ளிகளை வைத்திருந்தாள், அதாவது தாளிலிருந்து வெளியே. இடது கையால் பிடித்திருக்கிறாள் என்று பார்த்ததுமே புரிந்தது. அடுத்து விசை. அதற்கு ஃபிளெமிங்கின் இடதுகை விதி: ஒன்றுக்கொன்று செங்குத்தாக நீட்டிய விரல்களில் சுட்டுவிரல் புலம், நடுவிரல் மின்னோட்டம், கட்டைவிரல் விசை. அவளுடைய புள்ளிகளை வைத்து அந்த விதியைச் சரியாகப் போட்டால் கம்பிகள் ஒன்றையொன்று விலக்க வேண்டும். அவளோ ‘ஈர்க்கின்றன’ என்று எழுதியிருந்தாள். ஈர்க்கின்றன என்பதுதான் சரியான விடை. ஓரத்தில் சின்னதாக ஒரு கை வரைந்திருந்தாள். கட்டைவிரல் இருந்த பக்கத்தைப் பார்த்தால் அது வலது கை. முதலில் வலதுக்குப் பதில் இடது, பிறகு இடதுக்குப் பதில் வலது. இரண்டையும் மாற்றிப் போட்டுச் சரியான இடத்தில் வந்து நின்றிருந்தாள்.

நான் சிவப்பு மையால் புள்ளிகளை அடித்தேன். ‘ஈர்க்கின்றன’ என்பதற்குப் பக்கத்தில் ‘விடை தற்செயல்’ என்று எழுதினேன். சமன்பாடுகளுக்கு மூன்று மதிப்பெண் கொடுத்தேன்.

தாளை வாங்கிக்கொண்டு போனவள் மதிய இடைவேளையில் வந்தாள். மதிப்பெண்ணுக்காக வரவில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டாள். “சார், நான் வீட்டுல வேற வேற மாதிரி படம் போட்டுப் பார்த்தேன். ரெண்டு கையையும் மாத்திப் போட்டா எல்லாப் படத்துக்கும் சரியாத்தான் வருது. ஒரு தடவை வந்தா தற்செயல். எப்பவும் வந்தா அதுக்குப் பேரு என்ன சார்?” என்றாள்.

அடுத்த வகுப்புக்கு மணி அடித்துவிட்டது. “விதிப்படி போடணும்மா, இல்லைன்னா ஒரு இடத்துல காலை வாரிவிடும்” என்று சொல்லி அனுப்பினேன். நான் சொன்னதும் பொய்யில்லை. ஆனால் அவள் கேட்டதற்கு அது பதில் இல்லை என்பது படியிறங்கும்போதே தெரிந்தது.

மிக்ஸி ரிப்பேர் கடையில்

இரண்டு நாள் அது உறுத்திக்கொண்டே இருந்தது. சனிக்கிழமை, பழுதுக்குக் கொடுத்திருந்த எங்கள் வீட்டு மிக்ஸியை வாங்கக் கடைத்தெருப் பக்கம் போனேன். காந்தப்புலத்தை உண்டாக்குகிற ஃபீல்டு காயில் கருகிப்போய் புதுக் காயில் போட்டிருந்தார்கள். கடைக்காரர் என்னைவிட மூத்தவர், முப்பது வருடமாக மோட்டார் பிரித்து மாட்டுகிற கை. வேலை பழக வந்த பையன் ஒருவன் மூடியைப் போடாமலே ஓட்டிக் காட்டினான். மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றியது. கப்ளர் மரை கழன்று தளர்ந்து ஆட ஆரம்பித்ததும் கடைக்காரர் சுவிட்சை அணைத்தார். பையன் அவசர அவசரமாக இணைப்புகளைப் பிரித்தான். காயில் முனை இரண்டையும் இடம் மாற்றினான், நடுவில் சுற்றுகிற ஆர்மேச்சருக்கு மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷ்ஷுக்குப் போகிற வயர் இரண்டையும் இடம் மாற்றினான். மறுபடி சுவிட்சைப் போட்டால் அதே எதிர்ப்பக்கம்.

“ரெண்டையும் மாத்திப்போட்டா மாத்தாத மாதிரிதான்டா. ஒண்ண மட்டும் மாத்தோணும்” என்றார் கடைக்காரர், தலையைக்கூட நிமிர்த்தாமல்.

நான் அப்படியே நின்றுவிட்டேன். மிக்ஸி மோட்டாரைப் பற்றி நானே பாடம் எடுத்திருக்கிறேன். நம் வீட்டு மின்சாரத்தில் மின்னோட்டம் ஒரு நொடிக்கு 100 முறை திசை மாறுகிறது. மிக்ஸி மட்டும் ஏன் முன்னும் பின்னும் ஆடாமல் ஒரே பக்கம் சுற்றுகிறது? ஃபீல்டு காயிலும் ஆர்மேச்சரும் தொடராக இணைந்தவை. மின்னோட்டம் மாறும்போது காந்தப்புலமும் மாறுகிறது, அந்தப் புலத்துக்குள் இருக்கும் கம்பியின் மின்னோட்டமும் மாறுகிறது. இரண்டும் சேர்ந்து மாறுவதால் விசையின் திசை அப்படியே இருக்கிறது. கரும்பலகையில் எத்தனையோ முறை எழுதிய இதையே அந்தப் பெண் தன் விடைத்தாளில் வேறு விதமாக எழுதிக் கொடுத்திருந்தாள். அதற்குப் பக்கத்தில்தான் நான் ‘தற்செயல்’ என்று எழுதினேன்.

“என்னங்க சார், யோசனை?” என்றார் கடைக்காரர். “ஒண்ணுமில்லண்ணே, பள்ளிக்கூட விஷயம்” என்றேன். பையன் பிரஷ் வயரை மட்டும் மாற்றிப் போட்டான். மிக்ஸி சரியான பக்கம் சுற்றியது.

ஒரு வித்தியாசத்தையும் சொல்லியாக வேண்டும். மோட்டாரில் மாறியது நிஜமான மின்னோட்டம். அவள் தாளில் எதுவும் நிஜமாக மாறவில்லை. புலத்துக்கு அவள் வைத்த அம்புக்குறிதான் மாறியது. ஆனால் இரண்டிலும் கணக்கு ஒன்றேதான். ஒரு கழித்தல் குறி இரண்டு முறை வந்து தன்னைத்தானே அழித்துக்கொள்கிறது.

கை எங்கே நுழைகிறது?

அன்று இரவு பழைய விடைத்தாள் ஒன்றின் பின்பக்கத்தில் உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். இணைக் கம்பிகள், செங்குத்தாகக் குறுக்கிடும் கம்பிகள், வளையம், சுருள். எல்லாவற்றிலும் முதலில் வலது கையால் புலம், இடது கையால் விசை. பிறகு மாற்றி. இடையில் வருகிற புலத்தின் திசை ஒவ்வொரு முறையும் நேர்மாறாக இருந்தது. கடைசியில் வருகிற விசை ஒருமுறைகூட மாறவில்லை. ஈர்ப்பது ஈர்த்தது, விலகுவது விலகியது.

காரணம் எளிது. நாம் கண்ணால் பார்ப்பது கம்பி நகர்வதைத்தான். ஒரு கம்பியிலிருந்து இன்னொரு கம்பிக்குப் போக, நடுவில் காந்தப்புலம் என்ற ஒன்றை வைத்துக்கொள்கிறோம். முதல் கம்பி புலத்தை உண்டாக்குகிறது, அங்கே ஒரு கை விதி. இரண்டாம் கம்பி அந்தப் புலத்தை உணர்கிறது, அங்கே இன்னொரு கை விதி. உள்ளே போக ஒரு கை, வெளியே வர ஒரு கை. உள்ளே போகும்போது எந்தக் கையை நீட்டுகிறோம் என்பது நமக்குள் செய்துகொண்ட ஏற்பாடு. வெளியே வரும்போது அதற்கு இணையான கையை நீட்டினால் போதும்.

வரலாற்றைப் பார்த்தாலும் இது தெரிகிறது. 1820-இல் கோபன்ஹேகனில் ஓர்ஸ்டெட் கம்பிக்குப் பக்கத்தில் இருந்த காந்த ஊசி விலகுவதைக் கண்டார். செய்தி பாரிஸுக்கு வந்த சில வாரங்களுக்குள், அதே ஆண்டு செப்டம்பரில், ஆம்பியர் இரண்டு கம்பிகளை வைத்துக் காட்டினார்: ஒரே திசையில் மின்னோட்டம் போனால் ஈர்க்கின்றன, எதிர்த்திசையில் போனால் விலக்குகின்றன. இந்த வாக்கியத்தில் கையே இல்லை, இடது வலது என்ற பேச்சே இல்லை. ஊசியைப் பற்றிச் சொல்லும்போதுதான் அவருக்கும் ஓர் ஆள் தேவைப்பட்டார். மின்னோட்டத்தோடு ஊசியைப் பார்த்தபடி நீந்துகிற ஒருவரை நினைத்துக்கொள், ஊசியின் வடமுனை அவருடைய இடது கைப் பக்கம் விலகும் என்றார். பழைய பாடப் புத்தகங்களில் படித்தவர்களுக்கு இந்த நீச்சல் விதி நினைவிருக்கும். அப்புறம் மாக்ஸ்வெல்லின் திருகு விதி வந்தது. அதற்குப் பிறகு, லண்டனில் மின்பொறியியல் பேராசிரியராக இருந்த ஃபிளெமிங், மோட்டாருக்கு இடது கை, ஜெனரேட்டருக்கு வலது கை என்று பிரித்துக் கொடுத்தார். மாணவர்கள் திசையில் தடுமாறாமல் இருக்கச் செய்த உதவி அது. நாம் இந்த உதவிகளையெல்லாம் தனித்தனி விதிகளாக எண் போட்டு, பெயர் போட்டு, ஒவ்வொன்றுக்கும் இரண்டு மதிப்பெண் வைத்துவிட்டோம். அதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு. இயற்கைக்கு நான்கு விதி இருக்கிறது, அதில் இரண்டு வலது கை, ஒன்று இடது கை, ஒன்று நீச்சல் என்று ஒரு பிள்ளை நம்பிக்கொண்டு பள்ளியை விட்டுப் போகிறது.

ஆம்பியர் என்ற அலகையே 1948 முதல் 2019 வரை இந்த இரண்டு கம்பிகளை வைத்துத்தான் வரையறுத்திருந்தார்கள். வெற்றிடத்தில் ஒரு மீட்டர் தள்ளி நிற்கும் இரு நீண்ட கம்பிகளுக்கு இடையே ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் 2 × 10⁻⁷ நியூட்டன் விசை இருந்தால், அவற்றில் ஓடுவது ஒரு ஆம்பியர். எந்தக் கையால் பார்த்தாலும் அந்த எண் மாறாது.

அலுமினியத் தாள்

திங்கட்கிழமை வகுப்புக்குப் போகும்போது பார்சல் கட்டுகிற அலுமினியத் தாள், துணி மாட்டும் கிளிப், பெரிய டார்ச் செல் ஒன்று எடுத்துக்கொண்டு போனேன். அரை சென்டிமீட்டர் அகலத்தில், ஓர் அடி நீளத்துக்குச் சற்றே அதிகமாக இரண்டு பட்டைகள் வெட்டினோம். நூலிழை இடைவெளிதான் விட வேண்டும், பட்டை கொஞ்சம் தொய்வாகத் தொங்க வேண்டும். இறுக்கிக் கட்டினால் ஒன்றும் தெரியாது. மேல் முனைகள் இரண்டையும் ஒன்றாக, கீழ் முனைகள் இரண்டையும் ஒன்றாக இணைத்துச் செல்லைத் தொட்டால் இரண்டிலும் ஒரே திசையில் ஓடும். தொட்ட நொடியில் பட்டைகள் மெல்ல ஒன்றை நோக்கி ஒன்று வயிறு தள்ளின. எடுத்ததும் தளர்ந்தன. பிறகு மேலே ஒன்றில் நுழைந்து கீழே போய் இன்னொன்றில் ஏறி வருகிற மாதிரி இணைத்தோம். பட்டைகள் விலகின. விசை சில மில்லிகிராம் எடைக்குச் சமமாகத்தான் இருக்கும். மின்விசிறியை அணைத்துவிட்டு, நாற்பது பேர் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தார்கள். செல்லைத் தொடர்ந்து பிடித்தால் சூடாகிவிடும், தொட்டுத் தொட்டு எடுக்க வேண்டும்.

வகுப்பு முடிந்ததும் அந்தப் பெண்ணிடம் விடைத்தாளைக் கேட்டு வாங்கினேன். ‘தற்செயல்’ என்ற சொல்லை அடித்துவிட்டுப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன். மதிப்பெண்ணை மாற்றவில்லை, ஏன் மாற்றவில்லை என்பதையும் சொன்னேன். புலத்தின் திசை என்பது உலகம் முழுக்க ஒத்துக்கொண்ட ஏற்பாடு. சாலையில் இடது பக்கம் ஓட்டுவது மாதிரி. வலது பக்கம் ஓட்டினாலும் ஊர் போய்ச் சேரலாம், ஆனால் எல்லாரும் ஒரே பக்கம் ஓட்டினால்தான். அவள் தலையாட்டினாள். தாளை மடித்து வைத்துக்கொண்டே அடுத்த கேள்வியைக் கேட்டாள்.

“அப்ப காந்தத் துருவத்துக்கு நடுவுல கம்பியை வெச்சா? அங்க புலத்தைக் கண்டுபிடிக்கக் கை வேண்டாமே சார். வடக்கிலிருந்து தெற்கேன்னு காந்தத்துலயே எழுதியிருக்கு. விசைக்கு மட்டும் ஒரு தடவைதான் கை வருது. அங்க கையை மாத்தினா தப்பாயிடுமே?”

அவள் கேட்டது நியாயமான கேள்வி. அங்கே தப்பாகத்தான் போகும். ‘ஒரு இடத்துல காலை வாரிவிடும்’ என்று நான் சொன்ன இடம் அதுதான். ஆனால் ஏன் என்று பார்த்தால் விஷயம் இன்னும் ஆழமாகப் போகிறது. காந்தத்தில் சிவப்பு வண்ணம் பூசி வடக்கு என்று எழுதியிருக்கிறோமே, அந்த எழுத்துக்குள்ளேயே ஒரு கை ஒளிந்திருக்கிறது. ஆம்பியர் அப்போதே ஊகித்தார், காந்தம் என்பது உள்ளே சுற்றிக்கொண்டிருக்கும் நுண்ணிய மின்னோட்டங்கள்தான் என்று. இன்று எலக்ட்ரானின் சுழற்சி வரை அந்தக் கதை நீண்டுவிட்டது, அடிப்படை அதுதான். காந்தத்தின் ஒரு முகத்தை நேராகப் பார்க்கும்போது மின்னோட்டம் இடஞ்சுழியாக ஓடினால் அதை வடக்கு என்கிறோம். ‘வடக்கு’ என்று எழுதும்போதே முதல் கையை நீட்டிவிட்டோம், அது வலது கை. பிறகு விசைக்கு வேறு ஏற்பாட்டின் கையைப் போட்டால் ஒரு முறைதான் மாறியிருக்கிறது, மிக்ஸியில் ஒரு வயரை மட்டும் மாற்றின மாதிரி. எழுத்தை அழித்துவிட்டு, காந்தத்தை ஒரு மின்சுருளாகவே வரைந்தால் கை மறுபடியும் இரண்டு முறை வரும், விடை மறுபடியும் சரியாக இருக்கும்.

ஓர்ஸ்டெட்டின் ஊசியும் இப்படித்தான் ஏமாற்றுகிறது. கம்பி, அதற்கு நேர் கீழே அதற்கு இணையாக ஊசி. இரண்டும் ஒரே செங்குத்துத் தளத்தில் இருக்கின்றன. இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் எந்த வித்தியாசமும் கண்ணுக்குத் தெரியவில்லை. அப்படியிருக்க ஊசி ஒரு பக்கத்தை மட்டும் எப்படித் தேர்ந்தெடுக்கிறது? இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் மாக், இதை முதலில் அறிகிற மனம் அதிர்ந்துபோகும் என்று எழுதியிருக்கிறார். ஊசியைச் சாதாரண அம்புக்குறியாகப் பார்க்கும் வரைதான் அந்த அதிர்ச்சி. ஊசிக்குள் மின்னோட்டம் சுற்றிக்கொண்டிருக்கிறது என்று தெரிந்துவிட்டால் இரண்டு பக்கமும் சமமில்லை என்பது புரிந்துவிடும். இதை அந்தப் பெண்ணுக்கு விளக்க ஒரு காகிதச் சுருளில் அம்புக்குறி வரைந்து, ஜன்னல் கண்ணாடியில் அதன் பிம்பத்தைக் காட்டினேன். பிம்பத்தில் சுழற்சி மாறியது, வண்ணம் பூசிய முனை மாறவில்லை. “அப்ப கண்ணாடிக்குள்ள இருக்குறவங்க வண்ணத்தை மாத்திப் பூசணும்” என்றாள்.

இப்போது எப்படிச் சொல்லிக் கொடுக்கிறேன்

கை விதி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எனக்கு அது பிடிக்கும். உடம்பையே கருவியாக வைத்துச் செய்கிற கணக்கு பள்ளியில் வேறு எங்கே இருக்கிறது? இந்த வருடம் பிள்ளைகளை மைதானத்துக்கு அழைத்துப் போனேன். பகல் பதினோரு மணி. வடக்கே பார்த்து நிற்கச் சொன்னேன். தமிழ்நாட்டின் தென்கோடி காந்த நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் பூமியின் காந்தப்புலம் அங்கே ஏறக்குறைய கிடைமட்டமாக, தெற்கிலிருந்து வடக்கே போகிறது. அளவு சுமார் 40,000 நானோ டெஸ்லா. நமக்கு மேலே 100 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான உயரத்தில், பகலில் மேற்கிலிருந்து கிழக்கே ஒரு மின்னோட்டம் ஆறு மாதிரி ஓடுகிறது. தலைக்கு மேல் கிழக்கு மேற்காக ஒரு கம்பி போவதாக நினைத்துக்கொண்டு, கட்டைவிரல் கிழக்கைப் பார்க்க வலது கையால் அதைப் பிடியுங்கள் என்றேன். கம்பிக்குக் கீழே விரல்கள் எந்தப் பக்கம் போகின்றன? வடக்கே. அதாவது பூமியின் புலத்தோடு சேர்ந்துகொள்கிறது. அதனால்தான் திருநெல்வேலிக்குப் பக்கத்தில் உள்ள இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகத்தில் பகல் நேரத்தில் கிடைமட்டப் புலம் சில பத்து நானோ டெஸ்லா, சில நாட்களில் 100 வரைகூட, கூடுகிறது, இரவில் இறங்கிவிடுகிறது. நாற்பது கைகள் வெயிலில் உயர்ந்து, இல்லாத கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தன.

வகுப்பில் இப்போது முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இது ஏற்பாடு, உலகம் ஒத்துக்கொண்டது, தேர்விலும் இதையே போட வேண்டும். ஆனால் மின்காந்தவியலுக்கு இடதும் வலதும் ஒன்றுதான். இயற்கைக்கு உண்மையாகவே கை தெரிகிற இடம் வேறு இருக்கிறது. வூ என்ற சீன வம்சாவளி அமெரிக்க இயற்பியலாளர் கோபால்ட்-60 அணுக்கருக்களைத் தனிச்சுழி வெப்பநிலைக்கு வெகு அருகே குளிர்வித்து, காந்தப்புலத்தில் வரிசைப்படுத்தி, எலக்ட்ரான்கள் ஒரு பக்கமே அதிகமாக வெளியேறுவதைக் காட்டினார். 1957-இல் அந்த முடிவு வெளிவந்தபோது இயற்பியல் உலகமே ஆடிப்போனது. கம்பிகளும் சுருள்களும் அப்படி எந்தப் பக்கச் சார்பும் காட்டுவதில்லை.

போன வாரம் திருப்புதல் தேர்வு. நான்தான் கண்காணிப்பாளர். மூன்றாவது பெஞ்சில் ஒரு பையன், வலது கையில் பேனா, இடது கையின் கட்டைவிரலை நிமிர்த்தி விரல்களை மடக்கிக்கொண்டிருந்தான். எந்தக் கேள்வி என்று தெரியும். காந்தத் துருவம் வரைந்து கொடுத்த கேள்வியும் அதே தாளில் இருந்தது. சொல்லக் கூடாது, சொல்லவில்லை. அவன் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். அவன் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு பேனாவுக்கு மூடி போட்டு, உருளாமல் டெஸ்க்கின் பள்ளத்தில் வைத்துவிட்டு, வலது கையை எடுத்தான்.